முட்டி சரியானால்

என் தம்பி க்ரைன் ஆன்ட்வெர்ப்பில் பெல்ஜியக்காரர்களுக்கு எதிராக மூன்று கோல் போட்ட ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் எங்கள் ஊரான ஃப்ளார்டிங்கனில் மதிய ஆராதனையில் உட்கார்ந்திருந்தோம். போதகர் பிரசங்கத்தின் இரண்டாம் பகுதிக்கு வந்திருந்தார். எங்கள் வீட்டில் பிரசங்கத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெப்பர்மின்ட். நான் இரண்டாவதை வாயில் போட்டுக்கொண்டிருந்தேன், அதனால் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்பா முன்னால், சபையை நடத்துகிற மூப்பர்களின் பெஞ்சில், சபையைப் பார்த்தபடி, முதுகு சாயாமல் இருந்தார். மகன் ராட்டர்டாமில் சிநேகிதன் வீட்டில் தங்கி அங்கே பேர்பெற்ற ஒரு போதகரின் பிரசங்கம் கேட்கிறான் என்பது அவர் எண்ணம். நாலு வருஷமாக அதுதான் அவர் எண்ணம். உண்மை எனக்கு மட்டும் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

அம்மா செத்தபோது அவனுக்கு ஐந்து வயது, எனக்குப் பதினாலு. நான்தான் அவனை வளர்த்தேன். நன்றாக வளர்த்தேனா என்று கேட்டால் ஊர் ஒரு பதில் சொல்லும், நான் ஒரு பதில் சொல்வேன்.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் பீப்பாய்ப் பட்டறை. உப்புப் போட்ட ஹெரிங் மீனெல்லாம் எங்கள் பீப்பாயில்தான் ஜெர்மனிக்குப் போகும். முடிந்த பீப்பாயைக் கப்பல் வரைக்கும் யாரும் தூக்கிக்கொண்டு போவதில்லை. படுக்கப்போட்டுக் காலால் உருட்டுவார்கள். க்ரைன் பன்னிரண்டு வயதில், கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு, வலை காயப்போட்ட இடத்துக்கும் மீன்காரிகளுக்கும் நடுவே, கல் பாவிய கரையில் பீப்பாயை உருட்டிக்கொண்டு போவான். பாதத்தின் உள்பக்கம் ஒரு தட்டு, வெளிப்பக்கம் ஒரு தட்டு. ஒரு மீன்காரியின் பாவாடை நுனிகூடப் படாது. அப்பாவே பட்டறை வாசலில் நின்று அதைப் பார்ப்பார். வாயால் பாராட்டமாட்டார். அந்தப் பழக்கம் அவருக்குக் கிடையாது.

பதினெட்டு வயதில், ஒரு சனிக்கிழமை, மேய்ச்சல் நிலத்தில் பட்டறைப் பையன்களோடு பந்து உதைத்துக்கொண்டிருந்தவனை ராட்டர்டாம் கிளப் ஒன்றின் கேப்டன் பார்த்துவிட்டார். பணக்கார வியாபாரிகளின் பிள்ளைகள் ஆடுகிற கிளப். அவர்களிடம் சலவைச் சட்டை இருந்தது, சாயங்காலம் குடிக்க நல்ல ஒயின் இருந்தது, கோல் போட ஆள்தான் இல்லை. ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு. க்ரைன் மூன்று வாரம் யோசித்தான். சாப்பாடு இறங்காமல் உருளைக்கிழங்கைத் தட்டில் உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு என்னிடம் வந்து சொன்னான். அது பாவம் என்றேன். ஓய்வுநாளில் பந்து உதைக்கிறவன் நேராக நரகத்துக்குப் போவான் என்றேன். அடுத்த திங்கட்கிழமை அந்தச் சிவப்புக் கோடு போட்ட சட்டையைத் துவைத்து, அப்பா ஏறாத பரணில் காயப்போட்டதும் நான்தான்.

பேரை மாற்றிக்கொண்டு ஆடுவது அந்தக் காலத்தில் சகஜம். பாங்கு குமாஸ்தாவும் பள்ளிக்கூட வாத்தியாரும்கூட அப்படித்தான் ஆடினார்கள். பத்திரிகையில் பேர் வந்தால் வேலைக்கு ஆபத்து. க்ரைன் போல்டர்ஃபார்ட் பத்திரிகையில் லம்மர்ஸ் ஆனான். ஆறு மாதத்தில் ராட்டர்டாமில் லம்மர்ஸ் பேரைச் சொல்லாத பொடியன் இல்லை. இரண்டு வருஷத்தில் ஆரஞ்சுச் சட்டை கொடுத்து நாட்டுக்காக ஆடக் கூப்பிட்டார்கள். இங்கே பட்டறையில் அவன் பாட்டுக்குப் பலகையை நெருப்பில் காட்டி வளைத்துக்கொண்டிருந்தான்.

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். அவன் ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறமாட்டான். ஓய்வுநாளில் ரயிலில் போனால் அந்த டிரைவரை வேலை வாங்கின பாவம் நமக்கு. ஆகவே காலை ஆராதனை முடிந்ததும் ராட்டர்டாம் வரை இரண்டரை மணி நேரம் நடப்பான், ஆடுவான், திரும்பவும் நடந்து வருவான். வெளியூர் ஆட்டமென்றால் சனிக்கிழமையே போய்விட்டுத் திங்கள் விடியும்போது வருவான். "அம்மாடி, கொசுவை வடிகட்டிட்டு ஒட்டகத்தை முழுங்கற ஆளுடா நீ" என்று கேலி செய்வேன். அவன் சிரிக்கமாட்டான். "என்னால முடிஞ்சதைக் கடைப்பிடிக்கறேன்க்கா. முடியாததை எங்க போய்க் கடைப்பிடிக்கறது?" என்பான். அவன் வேடிக்கையாகச் சொல்லவில்லை. எங்கள் ஊர்க்காரன் அப்படித்தான் இருப்பான்.

ஆன்ட்வெர்ப் ஆட்டத்துக்குப் பத்து நாள் கழித்து எல்லாம் வெளியே வந்தது. ராட்டர்டாமிலிருந்து எங்களுக்கு ஓக் பலகை கொண்டுவரும் மரவியாபாரி, நல்ல மனுஷன், அப்பாவைச் சந்தோஷப்படுத்தத்தான் வந்தான். படம் போட்ட வாரப்பத்திரிகை ஒன்றை விரித்து அப்பாவின் மேஜைமேல் வைத்தான். க்ரைனை நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டிருக்கும் படம். "இது உங்க பையன்தானே? எங்கிட்ட சொல்லவே இல்ல பாருங்க! என் பொண்ணுக்கு ஒரு கையெழுத்து வாங்கித் தரணும்" என்றானாம். அப்பா படத்தைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். பத்திரிகையை நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஓக் இந்தத் தடவை ஏன் இவ்வளவு ஈரமாக இருக்கிறது என்று கேட்டாராம்.

அன்று சாயங்காலம் அப்பா க்ரைனிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம் மட்டும், "உனக்குத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். தலையாட்டிவிட்டுச் சூப்பைக் குடித்தார். மறுநாள் மூப்பர்கள் கூட்டத்துக்குப் போய், வேறு யாரும் வாயெடுக்கும் முன்னால், தன் மகன் நாலு வருஷமாக ஓய்வுநாளை மீறுகிறான் என்று தானே சொல்லிவிட்டார். போதகர் இதை வீட்டோடு பேசித் தீர்த்துக்கொள்ளலாமே என்றாராம். பெரிய கப்பல் முதலாளி மகன் குடித்துவிட்டு விழுந்து கிடந்ததை அப்படித்தான் தீர்த்திருந்தார்கள். அப்பா சம்மதிக்கவில்லை. மூப்பர் வீட்டுக்கு ஒரு நியாயம் ஊருக்கு ஒரு நியாயம் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. அந்த மனுஷனின் நேர்மை எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அந்தச் சூப்புக் கிண்ணத்தை அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் போலவும் இருந்தது.

எங்கள் சபையில் ஒருவனை நீக்குவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் தனியாக வந்து புத்தி சொல்வார்கள். கேட்காவிட்டால் அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்தில் சேர்க்கமாட்டார்கள். அதற்கும் மசியாவிட்டால் மூன்று அறிவிப்பு. முதல் அறிவிப்பில் பேர் இருக்காது. 'நம்மில் ஒரு சகோதரன் ஓய்வுநாளை ஆசரிக்கச் சொன்ன நான்காம் கட்டளையை மீறி நடக்கிறான், அவனுக்காக ஜெபியுங்கள்' என்பதோடு சரி. இரண்டாவதில் பேர் வரும். மூன்றாவதில் தேதி வரும். அந்தத் தேதியில் அவன் வெளியே. இதற்கெல்லாம் ஒரு வருஷம் பிடிக்கும். நடுவில் எந்த நாளிலும் அவன் வந்து, செய்தது தப்பு, இனிச் செய்யமாட்டேன் என்று மனமார ஒப்புக்கொண்டால் போதும். எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கை கொடுப்பார்கள்.

பேர் இல்லாத அறிவிப்பு இரக்கத்துக்காக ஏற்பட்டது. அதைப் படித்த அன்று சபையில் இருந்த ஒவ்வொரு தலையும் எங்கள் பெஞ்சுப் பக்கம் திரும்பியது.

அந்த வருஷம்தான் க்ரைன் எல்லா வருஷத்தையும்விட நன்றாக ஆடினான் என்கிறார்கள். ஒளிக்க ஒன்றும் இல்லாததால் லம்மர்ஸை விட்டுவிட்டான். சொந்தப் பேரே பத்திரிகையில் வந்தது. இருபது ஆட்டத்தில் முப்பத்தொரு கோல். நாட்டுக்காக நாலு ஆட்டம். ஆம்ஸ்டர்டாமில் ஒரு தியேட்டருக்குள் நுழைந்தவனைப் பார்த்து ஜனங்கள் எழுந்து நின்றார்களாம். ஆனாலும் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பட்டறையில் இருப்பான். அப்பா அவனை வேலையைவிட்டு அனுப்பவில்லை. இருவரும் ஒரே நெருப்பின் இரண்டு பக்கம் நின்று, ஒரே பீப்பாய்க்கு வளையம் இறக்கி, மாறி மாறிச் சுத்தியல் போடுவார்கள். பேச்சு மட்டும் கிடையாது. பலகை வேண்டுமென்றால் அப்பா கையை நீட்டுவார், இவன் எடுத்துக் கொடுப்பான்.

அந்த வருஷத்து இலையுதிர் காலத்தில்தான் அவன் ஆலியைக் கட்டினான். வலை பின்னுகிற பெண், சின்ன உடம்பு, வாய் மட்டும் பெரிசு. பிப்ரவரியில் இரண்டாம் அறிவிப்பு, பேரோடு, வந்தபோது அவளுக்கு ஐந்து மாதம். வீட்டுக்குப் போகிற வழியில் அவள் அழவில்லை. "சரி, பேரையும் படிச்சாச்சு. இப்ப எம்புள்ளைய யார் தூக்கிட்டுப் போறது?" என்று நடுத்தெருவில் கேட்டாள்.

அவள் கேட்டது ஞானஸ்நானத்தைப் பற்றி. எங்கள் ஊரில் குழந்தை பிறந்து பத்து நாளுக்குள் அப்பன்தான் தூக்கிக்கொண்டு போவான். அம்மா இன்னும் படுக்கையில் இருப்பாள். போதகர் கேள்வி கேட்பார், அப்பன் எல்லார் முன்னாலும் 'ஆம்' என்பான். சபையால் விலக்கப்பட்டவனுக்கு அந்த 'ஆம்' கிடையாது. க்ரைனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. திருவிருந்து இல்லாமல் ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் பெஞ்சுகளுக்கு நடுவே அந்த நடைபாதையில் போகமுடியாது என்பதை மட்டும் அவனால் தாங்கமுடியவில்லை. அவனுக்கு ராத் தூக்கமே போய்விட்டது என்று ஆலி சொன்னாள்.

மார்ச்சில் ஒருநாள் என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தான். விட்டுவிடப் போவதாகச் சொன்னான். சீசன் மே முதல் வாரத்தோடு முடிகிறது, கடைசியாக ஜெர்மனியோடு ஓர் ஆட்டம், அது முடிந்த மறுவாரமே மூப்பர்களிடம் போய் ஒப்புக்கொள்ளப் போகிறான். குழந்தை ஜூனில். நேரம் இருக்கிறது.

"இப்பவே போய்ச் சொல்லித் தொலையேண்டா" என்றேன். "இன்னும் ஆறு ஞாயித்துக்கிழமை ஆடினாத்தான் ஜென்மம் சாபல்யமாகுமா?"

"வார்த்தை குடுத்திருக்கேன்க்கா. பதினோரு பேரு ஆடற எடம். நடுவுல விட்டுட்டு வந்தா அதுவும் துரோகந்தானே."

வார்த்தை தவறக்கூடாது என்பதை நான்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அதற்காக என்னையே நான் இன்றைக்கும் திட்டிக்கொள்கிறேன்.

நான் அவன் ஆடி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் எப்படிப் போவேன்? ஆகவே அந்தக் கடைசி ஆட்டத்தைப் பற்றிப் பிறர் சொன்னதுதான் எனக்குத் தெரியும். முன்பாதியில் ஒரு கோல் போட்டானாம். பின்பாதி முடிய ஐந்து நிமிஷம். நிலம் மழையில் ஊறியிருந்தது. யாரும் அவனை மிதிக்கவில்லை, தள்ளவில்லை. பந்தோடு திரும்பினானாம்; உடம்பு திரும்பியது, வலது பாதம் சேற்றில் அப்படியே நின்றுவிட்டது. முட்டியிலிருந்து வந்த சத்தம் கோல்கீப்பருக்கே கேட்டதாம். வண்டியில் கொண்டுவந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் ஏறின முதல் வண்டி அதுதான். முட்டிக்குள் இருக்கிற குருத்தும் நாரும் கிழிந்துவிட்டது, நடக்கலாம், இனி ஓடமுடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவனுக்கு வயது இருபத்திநாலு.

மே கடைசியில் தடியூன்றி வந்து, மூப்பர்களைப் பார்க்க அனுமதி கேட்டான். மூன்றாம் அறிவிப்பு ஏற்கெனவே வந்துவிட்டது. ஜூன் இரண்டாம் ஞாயிறு என்று தேதி குறித்தாயிற்று. அதற்குமுன் ஒரே ஒரு கூட்டம் இருந்தது, ஞாயிறு மதிய ஆராதனைக்குப் பிறகு, கோயிலை ஒட்டிய அறையில்.

அதற்கு முந்தின நாள் அவன் சட்டைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டே புத்தி சொன்னேன். என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு நடுவிலேயே வளர்ந்தவள் நான். "கால் போனதால வந்தியா, மனசு திருந்தி வந்தியான்னு கேப்பானுங்க. மனசு திருந்திதான்னு சொல்லு. திரும்ப ஆடுவியான்னா, இல்லன்னு சொல்லு. ஒரே வார்த்தை. நாலு வருஷம் பொய் சொன்ன வாய்தானே, இன்னும் ஒண்ணு சொன்னா வெந்து போகாது."

"சரிக்கா" என்றான். சத்தியமாகச் சொன்னான்.

கோயிலைப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையின் மனைவிக்குக் காய்ச்சல் என்பதால் மூப்பர்களுக்குக் காபி கொடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அடுப்பு இருந்தது பக்கத்துச் சின்ன அறையில். நடுக்கதவு சரியாகச் சாத்தாது, கீல் தொங்கிப் போயிருந்தது. ஆகவே ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்லமுடியாது. எல்லாம் தானாகவே காதில் விழுந்தது.

அப்பாவோடு சேர்த்து ஆறு மூப்பர்கள், போதகர். க்ரைன் நின்றுகொண்டே பேசினான். உட்காரச் சொன்னார்கள், வேண்டாம் என்றான். ஓய்வுநாளை மீறினேன், தகப்பனிடம் பொய் சொன்னேன், சபைக்கு அவமானம் உண்டாக்கினேன், மன்னியுங்கள் என்றான்.  போதகர் இளகின மனசுக்காரர். வீட்டைவிட்டுப் போய்த் திரும்பி வருகிற மகனைத் தகப்பன் தூரத்திலிருந்தே பார்த்து ஓடிவருகிற வேத வசனத்தைச் சொன்னார். வருகிற ஞாயிறு சபைக்கு முன்னால் இதையே சொல்லிவிடு, குழந்தை பிறந்ததும் நீயே தூக்கிக்கொண்டு வா என்றார். புத்தகத்தை மூடுகிற சத்தம் கேட்டது. நான் சின்ன அறையில் சுவரில் சாய்ந்து அழுதேன், சந்தோஷத்தில்.

அப்போதுதான் ஃபோப் மூப்பர் வாயைத் திறந்தார். எங்கள் தெருக்காரர். இரண்டு மீன்பிடிக் கப்பலுக்குச் சொந்தக்காரர், கெட்டவர் என்று சொல்லமாட்டேன், ஆனால் நாக்கில் ஒரு நகைச்சுவை வந்துவிட்டால் விழுங்கத் தெரியாது. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோலச் சொன்னார்: "கால் ஒடிஞ்ச குதிரை, இனிமே ஓடவே மாட்டேன்னு சத்தியம் பண்ணுச்சாம்."

ஒருவர் சிரித்தார். சின்னச் சிரிப்பு, மூக்கால் விட்டது. அவ்வளவுதான் நடந்தது. போதகர் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஜெபிப்போம் என்று எழுந்தேவிட்டார்.

"ஒரு நிமிஷம்" என்றார் அப்பா.

பதினாலு மாதத்தில் அப்பா க்ரைனிடம் நேராகப் பேசியது அப்போதுதான். ஏன் கேட்டார் என்று எனக்குத் தெரியும். பிறகு ஊரெல்லாம் அப்பாவைக் கல்நெஞ்சன் என்றது. நானும் சொன்னேன், அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். ஆனால் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டது மகனை வெளியே தள்ளுவதற்கு அல்ல. ஃபோப்பின் வாயை அடைப்பதற்கு. தன் மகன் கால் போனதால் வரவில்லை என்று இந்த ஆறு பேரும் அவன் வாயாலேயே கேட்கவேண்டும். நாளைக்குப் பேரன் நடைபாதையில் வரும்போது எவனும் மூக்கால் சிரிக்கக்கூடாது. பதில் என்னவாக இருக்கும் என்பதில் அவருக்குக் கடுகளவு சந்தேகமும் இருக்கவில்லை.

"க்ரைன், எல்லார் முன்னாடியும் கேக்கறேன். உன் முட்டி நாளைக்கே சரியாயிடுதுன்னு வெச்சுக்க. ஞாயித்துக்கிழமை ஆடப் போவியா?"

நான் கெட்டிலைப் பிடித்தபடி கதவிடுக்கில் நின்றேன். க்ரைனின் முதுகு தெரிந்தது. அவன் தடியை இடது கைக்கு மாற்றினான். சொல்லுடா, ஒரே வார்த்தை, சொல்லித் தொலைடா என்று நான் மனசுக்குள் கத்தினேன்.

"நீங்க கேக்கறீங்களாப்பா? இல்ல, மூப்பர் கேக்கறாரா?"

"நான்தான் கேக்கறேன்."

க்ரைன் அப்பா பக்கமாகத் திரும்பி நின்றான். 

"போவேன்ப்பா" என்றான். "தப்புன்னு தெரியும். தெரிஞ்சே போவேன். முட்டி சரியாச்சுன்னா, அடுத்த ஞாயித்துக்கிழமையே போயிடுவேன். வேற யார் கேட்டிருந்தாலும் இல்லன்னு சொல்லியிருப்பேன். உங்ககிட்ட நாலு வருஷம் பொய் சொல்லியாச்சு. இனிமே என்னால ஆகல."

ஃபோப் மூப்பர்தான் முதலில் பேசினார். அவர் குரலே மாறிப்போயிருந்தது; அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். "விடு தோனிஸ். பையன் வலியில ஏதோ உளர்றான். நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். கேக்காத மாதிரி விட்டுரு." போதகரும் ஆமாம் ஆமாம் என்றார். இன்னொருவர், இதைக் குறிப்பில் எழுதவேண்டாம் என்றார். இளைஞன், காலம் இருக்கிறது, ஆறு மாதம் தள்ளிப்போடலாம் என்று ஆளாளுக்கு வழி தேடினார்கள். அந்த அறையில் இருந்த ஆறு பேருக்கும் அவனைக் காப்பாற்ற ஆசை. எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

"கேட்டாச்சு" என்றார் அப்பா. "பதிலும் வந்தாச்சு. எல்லார் காதுலயும் விழுந்துச்சு."

அதற்குமேல் அவர் என்ன செய்வார்? ஓய்வுநாளை மீறுவேன் என்று மூப்பர்கள் முன்னால் ஒருவன் சொல்லியிருக்கிறான். அவன் தன் மகன் என்பதால் அதைக் கேட்காததுபோல விட்டால், முப்பது வருஷம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்ததற்கு என்ன பொருள்? அவர் அப்படித்தான் நினைத்திருப்பார். அவருக்காக நான் வாதாடவில்லை. கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் காபி கொடுக்காமலே வீட்டுக்குப் போய்விட்டேன். அதுதான் என்னால் முடிந்த கலகம்.

ஜூன் முதல் வியாழக்கிழமை ஆலிக்கு ஆண்பிள்ளை பிறந்தது. குழந்தை பிறந்தால் எங்கள் ஊரில் கொடுக்கிற வழக்கப்படி ரஸ்க்கில் வெண்ணெய் தடவி, சோம்பு மிட்டாய் தூவித் தட்டு நிறைய வைத்திருந்தேன். தெருவில் பாதிப்பேர் வந்தார்கள், பாதிப்பேர் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றார்கள். அப்பா வரவில்லை. நீக்கப்படப் போகிறவன் வீட்டில் உண்ணக்கூடாது. ஆனால் அன்று பட்டறையில் அவர் எட்டு பீப்பாய் முடித்தார் என்று ஆட்கள் சொன்னார்கள்; அறுபத்திரண்டு வயசு மனுஷன், ஐந்துக்குமேல் முடித்ததே கிடையாது.

இரண்டாம் ஞாயிறு காலை ஆராதனையில் நீக்கத்தைப் படித்தார்கள். போதகர்தான் படித்தார், சீக்கிரமாக, தலையைத் தூக்காமல். க்ரைன் போல்டர்ஃபார்ட், இந்தச் சபையின் அங்கமாக இனி எண்ணப்படமாட்டான். அப்பா மூப்பர்கள் பெஞ்சில் எங்களைப் பார்த்தபடி இருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு கையால் மற்றக் கையின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தார், சுத்தியல் பட்டுவிட்டால் பிடிப்பது போல.

அன்று மதியமே ஞானஸ்நானம். பத்து நாள்கூட ஆகவில்லை, மருத்துவச்சி கூடாது என்று கத்தினாள், ஆலி எழுந்துவிட்டாள். அம்மா சபையில் இருப்பதால் குழந்தைக்கு உரிமை உண்டு. அப்பன் சபையில் இல்லாததால் அம்மாவே கொண்டுவரவேண்டும். நானும் கூடப் போனேன். க்ரைன் கோயில் வாசல்வரை தடியூன்றிக்கொண்டே பிள்ளையைத் தூக்கி வந்தான், கொடுக்கமாட்டேன் என்றான். வாசலில் ஆலியின் கையில் கொடுத்துவிட்டு, எதிரே படகு கட்டுகிற கல்லில், வலது காலை நீட்டியபடி உட்கார்ந்துகொண்டான்.

அந்த நடைபாதை மொத்தம் இருபது அடிதான் இருக்கும். ஆலி வெளுத்துப்போய், என் தோளில் ஒரு கை வைத்துக்கொண்டு நடந்தாள். போதகர் கேள்விகளைக் கேட்டார், அவள் ஆம் என்றாள். பிறகு பேர் கேட்டார். அது சும்மா ஒரு வழக்கத்துக்குத்தான். எங்கள் ஊரில் மூத்த பையனுக்கு அப்பன்வழித் தாத்தா பேர், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. தோனிஸ் என்று போதகர் முன்கூட்டியே காகிதத்தில் எழுதிவைத்திருந்தார்.

"க்ரைன்" என்றாள் ஆலி.

போதகர் புரியாமல் மறுபடி கேட்டார். அவள் இன்னும் உரக்கச் சொன்னாள், கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி. காலையில் நீக்கின பேர் மதியம் அதே வாயால், தண்ணீரோடு, திரும்பச் சொல்லப்பட்டது. நான் அப்பாவைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவர் முதுகு பெஞ்சில் சாய்ந்திருந்தது. எனக்கு அப்போது பரிதாபம் வரவில்லை. நல்லா வேணும் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு ஒரு குரூரமான திருப்திகூட இருந்தது.

வெளியே வந்ததும் க்ரைனிடம் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன், உன் பெண்டாட்டி என்ன காரியம் செய்தாள் பார் என்று. அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் முகம் கோணிப்போயிற்று. பிள்ளையை வாங்கி, ஈரமான அதன் தலையைச் சட்டைக் கையால் துடைத்தான்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க" என்றான். "அப்பா பேரைத்தானே வெச்சிருக்கணும். அதுதானே எனக்கு மிச்சம் இருந்துச்சு."

ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே வர ஆரம்பித்தார்கள். மூப்பர்கள் கடைசியில் வந்தார்கள். அப்பா எங்களைத் தாண்டித் துறைமுகப் பக்கமாக நடந்து போனார். க்ரைன் கல்லைப் பிடித்து எழுந்து, அவர் தெருமுனை திரும்பும்வரைக்கும் பிள்ளையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றான்.